ஒரு பிடி சேற்றில் இருபதாயிரம் வருஷம்!

ஒரு ஸ்பூன் தேனை வெந்நீரில் கரைத்து, வேகமாகச் சுழலவிட்டு, அடியில் தங்கும் துளி வண்டலை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். அந்தத் தேனீக்கள் எந்தெந்தப் பூக்களுக்குப் போய்வந்தன என்று சொல்லிவிடலாம். தென்னம்பாளையா, முருங்கைப் பூவா, புளியம்பூவா... ஒவ்வொன்றின் மகரந்தத்துக்கும் ஒரு முகம் உண்டு. 'அசல் மலைத்தேன்' என்று லேபிள் ஒட்டிய பாட்டிலுக்குள் சமவெளியின் சீமைக்கருவேல மகரந்தம் குவிந்துகிடந்தால் கடைக்காரர் என்ன சமாதானம் சொன்னாலும் எடுபடாது.

தேனைச் சோதிப்பது இந்தத் துறைக்குச் சின்ன வேலைதான். இதே மைக்ரோஸ்கோப், இதே கண்ணாடித் தகடு, இதே பொறுமையை வைத்துக்கொண்டு நீலகிரி மலையின் ஒரு பெரிய வழக்குக்கே தீர்ப்புக்கான சாட்சியைத் தேடியிருக்கிறார்கள் புதுச்சேரியில். கடற்கரையை ஒட்டிய செயின்ட் லூயி தெருவில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் மகரந்த ஆய்வுக்கூடம் அது. பாண்டிக்குப் போகும் லட்சக்கணக்கான பேர் அந்தக் கட்டடத்தின் முன்னால் செல்ஃபி எடுத்திருப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் குறைவு.

1954 நவம்பர் 1-ம் தேதி பாண்டிச்சேரி இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. அடுத்த மார்ச் மாதமே, 1955-ல் இந்த நிறுவனம் திறக்கப்பட்டுவிட்டது. முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா மருத்துவம் படித்துவிட்டு இந்தியவியலுக்கு வந்தவர். அதனாலோ என்னவோ, ஒரே கூரையின் கீழ் சைவ ஆகம ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன, காய்ந்த செடிகளும் இருக்கின்றன. ஓலைச்சுவடிகளுக்கு 2005-ல் யுனெஸ்கோவின் அங்கீகாரம் கிடைத்தது. காய்ந்த செடிகளுக்கு அந்த அளவு புகழ் இல்லை.

இங்கே நடப்பதன் பெயர் உயிர்ப்புவியியல். பெயரைக் கேட்டு பயப்பட வேண்டாம். எந்தச் செடி எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது, எப்போதிலிருந்து இருக்கிறது? மூன்றே கேள்விகள்தான். உதாரணத்துக்கு, ஊட்டிப் பக்கம் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு. ரோடோடென்ட்ரான் என்றால் சிலருக்குத் தெரியும். அதன் நெருங்கிய சொந்தக்காரர்கள் இருப்பது இமயமலையில். நடுவில் இருக்கும் பரந்த சமவெளியில் அந்த மரத்தைப் பார்க்கவே முடியாது. பின் எப்படி இங்கே வந்தது? இதற்குப் பதில் சொல்ல, இன்றைய காட்டையும் தெரிந்திருக்க வேண்டும், பல ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய காட்டையும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்றைய காட்டுக்கு வரைபடம் போட்டார்கள். ஹென்றி கோசன், பியர் லெக்ரி குழுவினர் 1 சென்டிமீட்டருக்கு 10 கிலோமீட்டர் என்ற அளவில் தாவர வரைபடங்கள் தயாரித்தார்கள். 1961-ல் வந்த தாளின் பெயரே 'கேப் காமரின்', நம் கன்னியாகுமரி. 1980-களில் ழான்-பியர் பாஸ்கல் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை இன்னும் நுணுக்கமாக வரைந்தார். உலர்த்தி, அழுத்தி, தாளில் ஒட்டிய இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட செடிகள் ஹெர்பேரியத்தில் சேர்ந்தன.

அந்தக் காலத்துக் காட்டை எப்படிப் பார்ப்பது? மரம் செத்துவிடும், இலை மட்கிவிடும். ஆனால் மகரந்தத்தின் மேலோடு அழியாது.

ஆசிட் குளியல்

மகரந்தத் துகளின் வெளிச்சுவர் 'ஸ்போரோபொலினின்' என்ற பொருளால் ஆனது. இயற்கை தயாரித்ததிலேயே மிகவும் பிடிவாதமான பொருள்களில் ஒன்று. காற்றுப் படாத ஈரச் சேற்றுக்குள் போய்விட்டால் லட்சக்கணக்கான வருஷம்கூடத் தாங்கும். சேற்றில் உள்ள மற்ற எல்லாவற்றையும் கரைத்துவிட்டால் மிஞ்சுவது மகரந்தம்தான். லேப்பின் மொத்த வேலையும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். செய்வது மட்டும் அவ்வளவு சுலபமில்லை.

முதலில் சதுப்பிலிருந்து சேற்றை எடுக்க வேண்டும். 'ரஷ்யன் கோரர்' என்று ஒரு கருவி. நீண்ட இரும்புக் கம்பியின் முனையில் அரைவட்டக் குழாய். கையாலேயே சேற்றில் இறக்கி, திருப்பி, இழுத்தால் அரை மீட்டர் நீளத்துக்குச் சேறு அடுக்குக் கலையாமல், வெட்டிய கேக் மாதிரி வெளியே வரும். அதைப் பிளாஸ்டிக் குழாயில் படுக்கவைத்து, சுற்றி, முதல் வேலையாக 'மேல்', 'கீழ்' என்று எழுத வேண்டும். இதை மறந்தால் அவ்வளவுதான். காலம் தலைகீழாகிவிடும், மலையேறியது வீண்.

லேப்புக்கு வந்ததும் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் சிட்டிகைச் சேறு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். சூடான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கருப்புச் சாயத்தை எடுக்கும். மணலைக் கரைக்க வேண்டுமானால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்தான். கண்ணாடியையே தின்னும் அமிலம் என்பதால் அதைப் பிளாஸ்டிக் குழாயில்தான் கையாள முடியும். தோலில் பட்டால் முதலில் வலிக்காமலேகூட இருக்கலாம். உள்ளே இறங்கி உடம்பில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். இதைப் பயன்படுத்தும் லேப்களில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. காற்றை உறிஞ்சி வெளியேற்றும் 'ஃபியூம் ஹூட்' கூண்டுக்குள்தான் எல்லா வேலையும்.

அடுத்தது 'அசிட்டோலிசிஸ்'. ஸ்வீடன் நாட்டு எர்ட்மன் கண்டுபிடித்த முறை. ஒன்பது பங்கு அசிட்டிக் அன்ஹைட்ரைடு, ஒரு பங்கு கந்தக அமிலம். இரண்டையும் கலந்து சூடுபடுத்தினால் செல்லுலோஸ் எல்லாம் கரைந்துபோய் மகரந்தத்தின் ஓடு மட்டும் தேன் நிறத்தில், தங்கக் குண்டுமணி மாதிரி நிற்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் கலவை சீறிவிடும். இன்னொரு தலைவலியும் உண்டு. அசிட்டிக் அன்ஹைட்ரைடு ஹெராயின் தயாரிக்கப் பயன்படுவதால், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் கட்டுப்படுத்தப்பட்ட ரசாயனம். பூவின் தூளைப் பார்க்க வாங்கினாலும் கணக்கு எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒவ்வொரு படிக்கும் நடுவில் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, அடியில் தங்கியதை வைத்துக்கொண்டு மேல்நீரைக் கொட்ட வேண்டும். வீட்டில் புளி கரைத்து மண் ஒதுக்குவது மாதிரி. கொட்டும்போது கை நடுங்கினால் ஐயாயிரம் வருஷத்து மழையும் சிங்க்கில் போய்விடும்.

இந்தக் கூத்துக்கெல்லாம் முன்பாக ஒரு தந்திரம் செய்வார்கள், கேட்க அழகாக இருக்கும். ஒரு மூட்டை அரிசியில் எத்தனை அரிசி இருக்கிறது என்று எண்ணாமல் கண்டுபிடிக்க வேண்டும். என்ன செய்வீர்கள்? நூறு கொண்டைக்கடலையைப் போட்டு நன்றாகக் கலக்குங்கள். ஒரு கை அள்ளுங்கள். கையில் ஒரு கடலை வந்தால், நீங்கள் அள்ளியது மூட்டையில் நூறில் ஒரு பங்கு. கையிலிருக்கும் அரிசியை எண்ணி நூறால் பெருக்கிவிடலாம். லேப்பில் கொண்டைக்கடலைக்குப் பதில் 'லைகோபோடியம்' என்ற செடியின் வித்துகள். எண்ணிக்கை தெரிந்த மாத்திரையாகவே கிடைக்கும். சேற்றில் போட்டுக் கரைத்துவிட்டால், கடைசியில் ஸ்லைடில் அவை எத்தனை தென்படுகின்றன என்பதை வைத்து மொத்தத்தையும் கணக்கிடலாம்.

பிறகு ஸ்லைடு. பிறகு மைக்ரோஸ்கோப். பிறகு எண்ணுவது. ஒரு ஸ்லைடில் முந்நூறு, நானூறு, ஐந்நூறு துகள்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, இது யார் என்று சொல்ல வேண்டும். புல்லின் மகரந்தம் உருண்டை, ஒரே ஒரு துளை, துளையைச் சுற்றி வளையம், மூக்குத்திக்குத் துளையிட்ட மாதிரி. இதில் சிக்கல், நெல்லும் மூங்கிலும் அருகம்புல்லும் ஏறத்தாழ ஒரே முகம்தான். காட்டுப்பூவரசில் நான்கு துகள்கள் ஒட்டிப் பிறந்திருக்கும். சீகை மரத்தில் பதினாறு துகள்கள் சேர்ந்து குட்டிக் கால்பந்தாக உருண்டிருக்கும். இந்தப் பதினாறை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாம்பிளை முடிக்க ஒரு நாள்கூட ஆகலாம். ஒரு கோரில் ஐம்பது, நூறு சாம்பிள்கள். 'இன்ஸ்டன்ட் ரிசல்ட்' பழக்கத்தில் இருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

முகம் தெரிய வேண்டுமே!

சேற்றில் கிடைத்த துகள் யாருடையது என்று தெரிய, இன்றைய செடிகளின் மகரந்தத்தை முன்பே பார்த்திருக்க வேண்டும். காவல் நிலையத்தில் கைரேகைக் கோப்பு இருப்பது மாதிரி. ஐரோப்பாவில் அந்தக் கோப்பு சுலபம். அங்கே மர வகைகள் குறைவு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பூக்கும் செடிகளே ஆயிரக்கணக்கில். 1960 வாக்கில் இங்கே மகரந்த ஆய்வைத் தொடங்கிய ஃபிலிப் கினே, பதினாறு பதினாறாக உருளும் அந்தச் சீகை, கருவேலக் குடும்பத்து மகரந்தத்தையே தன் ஆய்வாக எடுத்துக்கொண்டு 1969-ல் பெரிய நூலாக வெளியிட்டார்.

அந்தக் கூடத்துக்கு உயிராக இருந்தவர் ஒரு சென்னைக்காரர். கணபதி தணிகைமணி.

1938 ஜனவரி 1-ம் தேதி பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் தாவரவியல். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் பேராசிரியர் பி.ஜி.எல்.சுவாமி. செடிகளைப் பற்றிக் கன்னடத்தில் எழுதி, பிற்பாடு சாகித்ய அகாடமி விருது வாங்கிய அதே சுவாமிதான். தணிகைமணி புதுச்சேரிக்கு வந்தார். பனை, தென்னை, பாக்கு அடங்கிய குடும்பத்தின் மகரந்தத்தை ஆராய்ந்து, 1970-ல் பிரான்ஸின் மோன்பெலியே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு கூடத்தின் தலைவரானார்.

தணிகைமணி என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு இன்னொருவர் நினைவுக்கு வருவார். தேவாரத்துக்கு 'ஒளிநெறி' என்று சொல்லடைவு தொகுத்த வ.சு.செங்கல்வராய பிள்ளை. 'தணிகைமணி' அவருடைய பட்டம். பெயர்ப் பொருத்தமா, தற்செயலா தெரியாது. இந்தத் தணிகைமணியும் அடைவு தயாரித்தவர்தான். பூக்கும் செடிகளின் மகரந்தம் பற்றி உலகத்தில் யார், எதில், எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு மாபெரும் நூலடைவு. 1972-ல் முதல் தொகுதி வந்தது, பிறகு இணைப்புத் தொகுதிகள் வந்துகொண்டே இருந்தன. கூகுள் இல்லாத காலம். கையால் எழுதிய அட்டைகளை அடுக்கி, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துச் செய்ய வேண்டிய வேலை. எங்கோ தென் அமெரிக்காவில் ஒரு மாணவர் தன் ஸ்லைடில் தெரியாத முகம் ஒன்றைப் பார்த்தால், எந்தப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும் என்று புதுச்சேரி சொன்னது.

1980-களில் அவர் கவனம் அலையாத்திக் காடுகளின் பக்கம் திரும்பியது. கடலோரச் சேற்றில் அலையாத்தி மகரந்தம் எந்த ஆழத்தில் கிடைக்கிறதோ, அந்தக் காலத்தில் கடல் ஓரம் அங்கே இருந்தது என்று அர்த்தம். பிச்சாவரம் மாதிரி இடங்கள் ஒரு காலத்தில் எப்படி இருந்தன என்பதைச் சொல்லும் சாட்சி. அதைப் பற்றி ஒரு நூலுக்கான வேலை நடந்துகொண்டிருந்தது.

1986 செப்டம்பர் 5. அமெரிக்காவில் நடக்கவிருந்த ஒரு கருத்தரங்குக்காகக் கிளம்பினார். மும்பையிலிருந்து கராச்சி, ஃபிராங்ஃபர்ட் வழியாக நியூயார்க் போகும் பான் ஆம் 73.

இந்த விமானத்தின் கதை பலருக்கும் தெரிந்ததுதான், நீரஜா பனோட் வழியாக. கராச்சியில் நிற்கும்போது, பாதுகாப்புக் காவலர் சீருடையில் வந்த நான்கு ஆயுததாரிகள் விமானத்துக்குள் புகுந்தார்கள். விமானிகள் மேல் வழியாகத் தப்பிவிட, விமானம் பறக்க முடியாமல் ஓடுதளத்திலேயே நின்றது. காலையில் தொடங்கியது இரவு வரை இழுத்தது. மின்சாரம் தீர்ந்து விளக்குகள் அணைந்தபோது, இருட்டுக்குள் சுட ஆரம்பித்தார்கள். பயணிகளைக் காப்பாற்றிய நீரஜாவுக்கு அப்போது 22 வயது. 23-வது பிறந்தநாளுக்கு இரண்டே நாள் இருந்தது. இறந்துபோன இருபதுக்கும் மேற்பட்டவர்களில் தணிகைமணியும் ஒருவர். அவருக்கு 48 வயது.

இந்தியாவில் அன்று ஆசிரியர் தினம்.

நீரஜாவைப் பற்றிப் படமே வந்துவிட்டது. அதே விமானத்தில் ஒரு தமிழ் விஞ்ஞானியும் இருந்தார் என்பது நம் ஊரிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

அலையாத்தி மகரந்த நூல் அடுத்த ஆண்டு, 1987-ல் வெளிவந்தது. அவர் வளர்த்த ஸ்லைடு தொகுப்புக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. 15,000-க்கும் குறையாத கண்ணாடித் தகடுகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால், எந்த மரத்திலிருந்து எடுத்தது என்று காட்ட ஹெர்பேரியத்தில் ஒரு காய்ந்த கிளை. வெப்பமண்டல நாடுகளில் இப்படியொரு தொகுப்பு அபூர்வம். ஒருவர் போன பிறகும் வேலை நிற்காமல் இருக்க வேண்டுமானால், அவருக்குத் தெரிந்தது அவர் தலைக்குள் மட்டும் இருந்தால் போதாதே. 1994-ல் மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டு மரங்களின் மகரந்தங்களுக்கு ஒரு தனி நூலே வந்தது.

புல் யார் போட்டது?

இனி அந்த நீலகிரி வழக்கு.

ஊட்டியைத் தாண்டி மேல்பவானி, முக்குர்த்திப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மேடெல்லாம் புல்வெளி. இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் மட்டும் அடர்ந்த சோலை. கத்தியால் வெட்டியது மாதிரி சோலை முடியும் இடத்தில் புல் தொடங்கும். கேள்வி இதுதான். அந்தப் புல்வெளி இயற்கையா? அல்லது, ஒரு காலத்தில் எல்லாமே சோலையாக இருந்து, மனிதர்கள் வெட்டியும் எரித்தும் மேய்த்தும் புல்லாக்கிவிட்டார்களா?

1938-ல் 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில் இரண்டு வனத்துறைக்காரர்கள் எதிரெதிர்ப் பக்கம் நின்றார்கள். ஒருவர் என்.எல்.போர், புற்களைப் பற்றிக் கரைத்துக் குடித்த நிபுணர். நெருப்பும் மேய்ச்சலும்தான் புல்வெளியை உண்டாக்கின என்பது அவர் கட்சி. மற்றவர் சி.ஆர்.ரங்கநாதன். உறைபனிதான் காரணம் என்றார். டிசம்பர், ஜனவரி விடியலில் திறந்த மேட்டில் உறைபனி படியும். சோலை மரத்தின் கன்று அதைத் தாங்காது, கருகிவிடும். புல் தாங்கும். எனவே, புல்லும் சோலையும் இரண்டுமே இயற்கை என்பது அவர் வாதம்.

'இது என்ன பெரிய விஷயம், இரண்டு ஆபீஸர் சண்டை' என்று தோன்றலாம். ஆனால், புல்வெளி 'கெட்டுப்போன காடு' என்றால், அங்கே மரம் நடுவது புண்ணியம். புல்வெளியே அசல் என்றால், மரம் நடுவது அழிவு. பல்லாயிரம் ஏக்கரின் தலையெழுத்து இந்தக் கேள்வியில் இருந்தது.

போர் வாதத்தின் பக்கம்தான் காலம் சாய்ந்தது. 1840-களிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திறங்கியிருந்த சீகையும் கற்பூர மரமும் சுதந்திரத்துக்குப் பிறகு பெரிய அளவில் நடப்பட்டன. சீகைப் பட்டையிலிருந்து தோல் பதனிடும் சாறு, கற்பூர மரத்திலிருந்து ரேயானுக்குக் கூழ். வருமானம் தராத புல், கணக்கில் 'தரிசு'. தோடர்களின் எருமைகளுக்கு அதுதான் சாப்பாடு என்பதோ, அவர்கள் கோயில் கூரை வேயும் சதுப்புப் புல் ஒன்று உலகத்தில் நீலகிரியில் மட்டுமே வளர்கிறது என்பதோ அந்தக் கணக்கில் ஏறவில்லை.

சாட்சி சேற்றுக்குள் இருந்தது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லா. ஆட்டுப் பண்ணையால் தெரிந்த ஊர். அங்கே பள்ளங்களில் 'பீட்' எனப்படும் மட்கிய கருஞ்சேறு அடுக்கடுக்காகத் தேங்கிக் கிடக்கிறது. தணிகைமணி மறைந்து இரண்டு வருஷம் கழித்து, 1988-ல் அதே கூடத்தைச் சேர்ந்த ஜி.வசந்தி சாண்டிநல்லாச் சேற்றின் மகரந்தக் கணக்கை வெளியிட்டார். மனிதர்கள் கோடரியோடு மலையேறியதற்கு வெகு காலம் முன்பே, ஆழத்து அடுக்குகளிலும் அந்த ஒற்றைத் துளை உருண்டைகள்! புல் அங்கே பழைய குடித்தனக்காரர்.

ஆனால், மகரந்தத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. புல் காற்றில் தூளை வாரி இறைக்கும் ஊதாரி. சோலை மரங்கள் பலவும் பூச்சியை நம்பிச் சிக்கனமாகச் செலவு செய்பவை. எனவே, சேற்றில் புல்லின் மகரந்தம் அதிகம் என்பதால் மட்டும், மலையில் புல் அதே விகிதத்தில் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் இதைப் பிடித்துக்கொள்வார்.

இரண்டாவது சாட்சி 1993-ல் வந்தது. யானை ஆராய்ச்சியால் பலரும் அறிந்த ஆர்.சுகுமார், ஆர்.ரமேஷ் முதலானோர் நீலகிரிச் சேற்றின் கார்பனை ஆராய்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலிருந்து கார்பனைச் சேர்க்கும் வழி வேறு வேறு. அதனால் அவற்றின் உடம்பில் கார்பன்-13 அளவும் வேறுபடும். மட்கிச் சேறான பிறகும் அந்தக் கையெழுத்து மாறாது. சுமார் 20,000 வருஷத்துக்கு முன், உலகம் பனிக்காலத்தின் உச்சத்தில் இருந்து பருவமழை நலிந்திருந்தபோது, நீலகிரியில் கையோங்கியிருந்தது புல். 10,000 வருஷத்துக்கு முன் மழை வலுத்தபோது, தராசு மறுபக்கம் சாய்ந்தது. மழைக்கு ஏற்ப புல்லும் சோலையும் ஏறி இறங்கி வந்திருக்கின்றன. புல்வெளியைப் 'போட்டவர்' யாருமில்லை.

போரைக் குறை சொல்லிப் பயனில்லை. நெருப்புக்கும் மேய்ச்சலுக்கும் பங்கே இல்லை என்று இன்றும் யாரும் சொல்வதில்லை. அவர் கையில் சேறு இல்லை, அவ்வளவுதான். ரங்கநாதன் கையிலும் இல்லை. ஆனால், அவர் உறைபனி விழுந்த காலையில் கன்றுகளைக் கூர்ந்து பார்த்திருந்தார்.

தீர்ப்பு வருவதற்குள் மரங்கள் வளர்ந்துவிட்டிருந்தன. நீலகிரி கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்து நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, புல்வெளியில் கற்பூர மரம் வைத்த பகுதியிலிருந்து ஓடிவரும் தண்ணீர் முதல் சுற்றிலேயே 16 சதவிகிதம் குறைந்திருந்தது. பவானிக்குத் தண்ணீர் போவதும், குந்தா, பைக்காராவில் மின்சாரம் எடுப்பதும் இந்த மலையிலிருந்துதான். கொடைக்கானல் பக்கத்துப் பழனி மலையில் நாற்பது வருஷத்தில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டதாக 2018-ல் ஓர் ஆய்வு சொன்னது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு மேய்வது இந்தப் புல்லைத்தான். 2022-ல் அரசு வரையாட்டுக்கென்றே தனித் திட்டம் அறிவித்தது. வரையாட்டைக் காப்பது என்றால், புல்லைக் காப்பது.

அப்படியென்றால் சீகையை வெட்டித் தள்ளிவிடலாமே? அங்கேயும் சிக்கல். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு தூங்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டால், கூட்டமாக எழுந்துவரும். இன்னொரு பக்கம், பழைய சீகைத் தோப்பு நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைத்து வளரும் இடங்களும் உண்டு. அதை வெட்டுவதா, விடுவதா? எந்த மேட்டில் எது இருந்தது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். மறுபடியும் சேறு, மறுபடியும் ஆசிட், மறுபடியும் எண்ணிக்கை.

மழைக்காலம் தொடங்கியதும் 'மலையில் மரக்கன்று நடுவோம்' என்று வாட்ஸ்அப் அழைப்புகள் வரும். நல்ல மனசோடுதான் அனுப்புகிறார்கள். வெறும் புல்லாகத் தெரியும் மேட்டில் குழி தோண்டும் முன், அந்தப் புல்லுக்கு என்ன வயது என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

சாண்டிநல்லாச் சதுப்பு இன்னும் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறது. இந்த வருஷம் சீகை மஞ்சளாகப் பூத்தபோது பறந்த தூளில் கொஞ்சம் அங்கேயும் விழுந்திருக்கும். ஆயிரம் வருஷம் கழித்து யாராவது அங்கே கம்பியை இறக்கி, சேற்றைக் கரைத்து, ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், மேல் அடுக்கில் திடீரென்று பதினாறு பதினாறாக உருளும் குட்டிக் கால்பந்துகள் தென்படும். கீழ் அடுக்குகளில் அவற்றின் சுவடே இருக்காது. இது யார், எங்கிருந்து வந்தது என்று அவர் தேடினால், புதுச்சேரி ஸ்லைடு பெட்டிகளில் ஏற்கெனவே பெயர் எழுதி வைத்திருக்கிறது.